மாலத்தீவுக்கு அப்பச்சி, ஆத்தாவோடு போகிறோம்: உள்ளே நுழைய என்ன வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும்?

செக்காலைப் பொண்ணு | திங்கள் காலை 9.10

எல்லாருக்கும் வணக்கம். தைப்பூசத்துக்கு அப்பச்சி பழனிக்கு நடந்துபோய் வந்து, அந்த அலுப்பு தீர்ந்ததும் குடும்பமாக மாலத்தீவு போகலாம் என்று இருக்கிறோம். நான், வீட்டுக்காரர், 10 வயதுப் பையன், அப்பச்சி, ஆத்தா (எங்கள் பக்கம் அப்பா, அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்). 4 இரவு. மாஃபுஷி என்ற தீவில் விடுதி பார்த்து வைத்திருக்கிறேன். அப்பச்சிக்குச் சர்க்கரை உண்டு. ஆத்தாவுக்கு முழங்கால் வலி. எங்கள் யாருக்கும் கடலில் பழக்கம் கிடையாது.

அப்பச்சி எங்கே போனாலும் கைப்பெட்டியில் ஒரு சின்ன வெள்ளி வேலும் பழனியாண்டவர் படமும் இருக்கும். ஆத்தா இப்போதே சீப்புச்சீடைக்கும் மணகோலத்துக்கும் மாவு அரைக்கக் கொடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் கொண்டுபோக விடுவார்களா? விசாவுக்கு எங்கே அலைய வேண்டும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

டிக்கெட்காரன் | திங்கள் காலை 9.42

விசாவுக்கு எங்கேயும் அலைய வேண்டாம். போய் இறங்கியதும் முத்திரை குத்திக் கொடுப்பார்கள், கட்டணம் இல்லை. ஆனால் கையில் நாலு விஷயம் இருக்க வேண்டும்: பாஸ்போர்ட் (6 மாதமாவது காலம் மிச்சம் இருந்தால் விமான நிறுவனத்திலும் பேச்சு வராது), திரும்பி வர டிக்கெட், தங்கும் எல்லா இரவுக்கும் உறுதியான அறைப் பதிவு, செலவுக்குப் பணம். "இரண்டு நாள் அங்கே, மற்றதை இறங்கிப் பார்த்துக்கொள்கிறோம்" என்ற பேச்சு அங்கே செல்லாது.

அப்புறம் இமுகா. இதுதான் பலரும் கோட்டை விடும் இடம். அது மாலத்தீவுக் குடிவரவுத் துறையின் பயணி அறிவிப்புப் படிவம். இறங்குவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். ஆளுக்கு ஒன்று, பையனுக்கும் தனியாக. அங்கிருந்து கிளம்பும்போதும் இன்னொரு முறை உண்டு. இது முழுக்க இலவசம். தேடினால் முதலில் கண்ணில் படுகிற தளங்களில் சில, 50 டாலர், 70 டாலர் என்று கேட்கும். அவை எல்லாம் இடைத்தரகு. பணம் கேட்டாலே மூடிவிட்டு, அரசுத் தளத்துக்குப் போங்கள். நிரப்பியதும் வரும் கட்டக் குறியீட்டை (QR) படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நம் ஆட்களின் தலைப்பெழுத்து நீளம் ஊரறிந்தது. பாஸ்போர்ட்டில் பாட்டனார் பெயர் வரை விரித்து எழுதியிருந்தால் டிக்கெட்டிலும் அறிவிப்புப் படிவத்திலும் அப்படியே இருக்கட்டும். ஓரிடத்தில் ராம.அழ. என்று சுருக்கி, இன்னோரிடத்தில் விரித்துப் போட்டால் கவுண்டரில் நின்று விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

நமக்கு வழி இரண்டு. திருவனந்தபுரம், கொச்சி பக்கம் போய் நேராகப் பறக்கலாம். இல்லையென்றால் திருச்சியில் ஏறி கொழும்பு வழியாகப் போகலாம். வயதானவர்களுக்குத் திருச்சி சௌகரியம். கொழும்பில் காத்திருக்கும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீவு வாத்தியார் | திங்கள் பகல் 1.05

நான் பள்ளத்தூர்க்காரன். மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். வேல் விஷயம் மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலும் படமும் வீட்டிலேயே இருக்கட்டும், தங்கச்சி. வழிபாட்டுக்கான சிலைகள் அந்த நாட்டுச் சுங்கத்தின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. சாராயமும் பன்றி இறைச்சியும்கூடப் பயணிகள் உள்ளே கொண்டு போகக் கூடாது. தலைநகரான மாலே விமான நிலையத்தில் வெளியே போகும்போது எல்லாப் பெட்டியும் எக்ஸ்ரேயில் போகும், உலோகத்தில் வேல் போல ஒன்று தெரிந்தால் திறக்கச் சொல்வார்கள். "சின்னதுதானே, படம்தானே" என்று அதிகாரியிடம் பேசிப் பார்க்கிற இடம் அது இல்லை. அறைக்குள் கண்ணை மூடிக் கந்தர் சஷ்டி கவசம் சொல்வதை யாரும் கேட்கப் போவதில்லை. நான் அப்படித்தான் இருக்கிறேன். வெளியில், நாலு பேர் பார்க்க வழிபாடு கூடாது.

பலகாரம் தாராளமாகக் கொண்டு வாருங்கள். ஆத்தாவின் மணகோலம் வருகிறது என்றால் நானே துறைக்கு வந்து நிற்பேன்.

வழியில் வரிச்சலுகைக் கடையில் பாட்டில் வாங்கும் பழக்கம் வீட்டுக்காரருக்கு இருந்தால், அதைச் சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டு சீட்டு கொடுப்பார்கள். திரும்பும்போது சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். மின்சிகரெட்டோ வேறு கதை. 2024 நவம்பரிலிருந்து உள்ளே கொண்டு வரவே தடை. 2025 நவம்பர் 1 முதல், 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் யாராயிருந்தாலும், சுற்றுலா வந்தவர்கள் உட்பட, புகையிலை வாங்கவோ பயன்படுத்தவோ கூடாது.

ரங்கூன் வீடு | திங்கள் பகல் 2.20

நம் நகரத்தார் முன்னோர் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியபோது முருகனையும் கூடவே கூட்டிப்போய், கடை வைத்த ஊரிலெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோவில் கட்டினார்கள். இப்போது பேரப்பிள்ளைகள் 4 நாள் போவதற்கு விரலளவு வேலை வீட்டில் வைத்துவிட்டுப் போ என்கிறீர்கள். சுற்றுலாக்காரன் பணம் மட்டும் வேண்டும், சாமி வேண்டாமா? மனசுக்கு ஒப்பவில்லை.

தீவு வாத்தியார் | திங்கள் பகல் 2.51

ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இது சுற்றுலாக்காரர்களுக்காகப் போட்ட விதி இல்லை. 2008ஆம் ஆண்டு அரசியலமைப்புப்படி அந்த நாட்டில் முஸ்லிம் அல்லாதவர் குடிமகனாகவே முடியாது. பர்மாவிலும் மலாயாவிலும் நம்மவர்கள் குடியேறி, தொழில் செய்து, நிலம் வாங்கினார்கள். இங்கே நாம் விருந்தாளி. சரி தப்பு என்பதை நம் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பேசலாம், சுங்க மேசையில் பேச வேண்டாம்.

கோட்டையூர் ஆச்சி | திங்கள் மாலை 5.30

நான் மகளோடு போய் வந்தேன். சாமி, சுங்கம் எல்லாம் ஆண்கள் பேசிக்கொள்ளட்டும். ஆத்தாவின் முழங்காலுக்கு நான் சொல்கிறேன், கேள்.

மாஃபுஷிக்குக் காரிலோ பஸ்ஸிலோ போக முடியாது. விமான நிலையத்து வாசலிலேயே கடல். அங்கிருந்து படகில்தான் ஏறி இறங்க வேண்டும். படகுக்கும் துறைக் கல்லுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும், அது அலைக்குத் தகுந்தபடி விரியும், சுருங்கும். ஆத்தா அதைப் பார்த்துப் பயந்து பாதிக் காலை எடுத்து வைப்பார்கள், அங்கேதான் தவறும். படகுப் பையன்கள் இரண்டு பக்கமும் கையை நீட்டுவார்கள். கையில் பை எதுவும் வைத்துக்கொள்ளாமல், இரண்டு கையையும் கொடுத்துவிட்டு, படகு மேலே எழும்பித் துறை மட்டத்துக்கு வரும் நொடியில் ஒரே எட்டாக வைக்கச் சொல். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டால் நல்லது. என் மகள் என்னைச் சுடிதார் போடச் சொல்லிக் கெஞ்சினாள், நான் மாட்டேன் என்றுவிட்டேன்.

வேகப் படகில் முன்வரிசையில் உட்காரவே கூடாது. அலையில் தூக்கித் தூக்கிப் போடும், முதுகு போய்விடும். பின்வரிசை, நடு இருக்கை.

உடுப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாஃபுஷியில் வெளிநாட்டுக்காரர்கள் நீச்சலுடையில் குளிப்பதற்கென்று தனிக் கடற்கரை ஒதுக்கியிருக்கிறார்கள். மற்ற தெருவெல்லாம் ஊர்க்காரர்கள் வீடு, பள்ளிவாசல், பள்ளிக்கூடம். அங்கே தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். நமக்கு அது ஒரு கஷ்டமா என்ன.

டிக்கெட்காரன் | திங்கள் மாலை 6.15

ஆச்சி சொன்னது சத்தியம். கூடவே பணக்கணக்கு: இணையத்தில் காட்டும் அறை வாடகையைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். அதன்மேல் சுற்றுலா வரி 17 சதவீதம் (2025 ஜூலையிலிருந்து), சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதற்கும் மேல் பசுமை வரி. மக்கள் வாழும் தீவில் 50 அறைக்கு உட்பட்ட விடுதி என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 டாலர். ரிசார்ட் என்றால் 12. உங்கள் 5 பேருக்கு 4 இரவுக்குப் பசுமை வரி மட்டும் 120 டாலர். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத்தான் விலக்கு, பையனுக்கு உண்டு. பதிவு செய்யும்போதே "எல்லா வரியும் சேர்த்து, துறையிலிருந்து படகும் சேர்த்து எவ்வளவு" என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஊருணிக்கரை | திங்கள் இரவு 8.02

எல்லாரும் சேர்ந்து அந்தப் பொண்ணைப் பயமுறுத்துகிறீர்கள். அது ஒரு குளம் மாதிரி தண்ணீர். இடுப்பளவுதான். படங்களைப் பாருங்கள், அடி மணல் தெரிகிறது. ஊருணியிலும் கம்மாயிலும் குதித்து வளர்ந்த நமக்கு லைஃப் ஜாக்கெட் எதற்கு? வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரிந்தால் போதும், பையனையும் அப்பச்சியையும் அவரே பார்த்துக்கொள்வார்.

முழுக்கு | திங்கள் இரவு 9.40

ஊருணிக்கரை அண்ணே, கோபிக்காதீர்கள். நான் கானாடுகாத்தான், சென்னையில் இருக்கிறேன், கடலடி நீச்சல் பொழுதுபோக்கு. நீங்கள் எழுதியதை நம்பி ஒருவர் இறங்கிவிடக்கூடாது என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஊருணித் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர் நடக்கும். மாலத்தீவு என்பது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு தீவுகள், பவளப்பாறை வளையங்களாக அமைந்தவை. வளையத்துக்குள்ளே வெளிக்கடலைவிட ஆழம் குறைந்த தண்ணீர், வெளியே இந்துமாக் கடல். வளையத்தில் அங்கங்கே திறப்புகள் உண்டு, அந்த ஊர்க்காரர்கள் அதை "கண்டு" என்பார்கள். ஏற்றத்தில் கடல் அந்த வழியே உள்ளே வரும், வற்றத்தில் வெளியே போகும். நீங்கள் படத்தில் பார்க்கிற கண்ணாடித் தண்ணீரும் அதோடு சேர்ந்து போகும். இடுப்பளவில் நின்று மீனைப் பார்த்துக்கொண்டே முகத்தைக் கீழே வைத்து மிதப்பவருக்குத் தான் நகர்வதே தெரியாது. நிமிர்ந்து பார்த்தால் பாறை விளிம்பைத் தாண்டியிருப்பார். அந்த விளிம்பில் அடி படிப்படியாக இறங்காது. கிணற்றுச் சுவர் மாதிரி நேராக இறங்கி நீலமாகிவிடும். நீச்சல் தெரிந்தவரும் அதைக் கண்டு பதறித்தான் மூச்சு வாங்குவார்.

இறங்கும் முன் நான் செய்வது இது. துறையில் நின்று ஒரு இலையைத் தண்ணீரில் போட்டு, நிதானமாக எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்ப்பேன். நான் நடக்கும் வேகத்துக்கு இலை போனால் அன்றைக்கு அந்த இடத்தில் குளியல் இல்லை. அப்புறம் விடுதிக்காரரிடம் கேட்பேன்: "இன்று வற்றம் எத்தனை மணிக்கு, எங்கே ஏறலாம், எங்கே ஏற முடியாது?" ஏறும் இடம் முக்கியம். பல இடங்களில் பாறையில் ஏற முடியாது, காலைக் கிழித்துவிடும்.

இழுத்துவிட்டால் எதிர்த்து நீந்த வேண்டாம். நீரோட்டத்துக்குக் குறுக்காக, பாறையை ஒட்டியே போங்கள். முடியவில்லை என்றால் மல்லாந்து மிதந்து கையைத் தூக்குங்கள். மிதக்க வைப்பது ஜாக்கெட். அதனால்தான் ஜாக்கெட். பையன், அப்பச்சி, ஆத்தா மூன்று பேருக்கும் தண்ணீரில் கால் வைத்ததிலிருந்து கரை ஏறும் வரை உடம்பில் இருக்க வேண்டும். அளவு சரியாக இருக்கிறதா என்று தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், காது வரை ஏறினால் பெரிசு.

மீன்களில் கடிக்க வருவது சுறா இல்லை. பெரிய கிளாத்தி வகை ஒன்று உண்டு, டைட்டன் டிரிகர். குஞ்சு பொரிக்கும் காலத்தில் அடியில் குழி பறித்துக் காவல் காக்கும். அதன் எல்லை குழியிலிருந்து மேலே போகப்போக விரியும், கூம்பு மாதிரி. துரத்தினால் மேலே எழும்பாதீர்கள், எல்லைக்குள்ளேதான் இருப்பீர்கள். பக்கவாட்டில் விலகுங்கள்.

வீட்டுக்காரருக்குக் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்கும் ஆசை இருந்தால், கடைசி முழுக்குக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது விட வேண்டும். விளையாட்டு முழுக்குக்கு அங்கே சட்டப்படி 30 மீட்டர்தான் எல்லை. அதற்குக் கீழே காட்டுகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் அவரோடு போகாதீர்கள்.

ஊருணிக்கரை | திங்கள் இரவு 10.15

சரி தம்பி, இலை விஷயம் எனக்குப் புதுசு. ஆனாலும் இவ்வளவு பயந்துகொண்டு எதற்கு அவ்வளவு தூரம் போவது? பிள்ளையார்பட்டி போய்விட்டு வரலாம்.

முழுக்கு | திங்கள் இரவு 10.22

பயப்பட வேண்டாம். மீன் அவ்வளவு அழகு, அதுதான் சிக்கல். நேரம் போவதே தெரியாது.

தேவகோட்டை மருந்துக்கடை | செவ்வாய் காலை 7.30

கடை திறக்கும் முன் எழுதிவிடுகிறேன். அப்பச்சிக்குச் சர்க்கரை என்றதால் எனக்குக் கடலைவிடக் கால்தான் கவலை.

பழனிக்கு வெறுங்காலோடு நடப்பவர்கள். அந்த வெள்ளை மணலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். அது வெறும் மணல் இல்லை, உடைந்த பவளத் துண்டும் அதில் கலந்திருக்கும். வருஷக்கணக்காகச் சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும், கிழித்தது தெரியாது. பவளக் கீறல் சின்னதாகத் தெரியும், உள்ளே துணுக்கு தங்கிச் சீழ் பிடிக்கும். அதனால் தண்ணீரிலும் கரையிலும் ரப்பர் அடியுள்ள கடல் காலணி. தினம் இரவு ஆத்தா ஒரு தரம் இரண்டு பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கட்டும், விரலிடுக்கையும் சேர்த்து. கீறல் இருந்தால் நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி, கிருமிநாசினி போட்டு, மறுநாள் கடலில் இறங்க வேண்டாம்.

முள்மீன், கல்மீன் குத்தினால் வலி உயிர் போகும். பொறுக்கக்கூடிய சூடான தண்ணீரில், சுமார் 45 டிகிரி, அந்த இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் மூழ்கவைத்தால் விஷத்தின் வீரியம் தணியும். சூடு சரியா என்று வேறொருவர் கை வைத்துப் பார்க்க வேண்டும், அப்பச்சியின் காலை நம்பக் கூடாது, வெந்துவிடும். அதோடு நிறுத்தாமல் சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

மாத்திரை எல்லாம் அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு, கைப்பெட்டியில். போகும் நாளைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக. இன்சுலின் இருந்தால் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது. தூக்க மாத்திரை, டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து இவை சீட்டு இல்லாமல் எந்த நாட்டு எல்லையையும் தாண்டக் கூடாது. போதைப்பொருள் விஷயத்தில் மாலத்தீவுச் சட்டம் கடுமை. பக்கத்து வீட்டுக்காரர் "அங்கே ஒருத்தருக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று கொடுக்கும் பொட்டலத்தை வாங்காதீர்கள், யாராக இருந்தாலும்.

ஆத்தா குழம்புப்பொடி கட்டினால் கசகசா போடாமல் கட்டச் சொல்லுங்கள். துபாயில் அதற்குத் தடை. எதற்கு வம்பு என்று நான் எந்த நாட்டுக்கும் யாருக்கும் கசகசா கட்டிக் கொடுப்பதில்லை.

செக்காலைப் பொண்ணு | செவ்வாய் காலை 10.05

எல்லாருக்கும் நன்றி. கால் விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. வேல் விஷயத்தை அப்பச்சியிடம் பக்குவமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "சரி, ஆயா வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறேன், பூசை நிற்கக் கூடாது" என்றார்கள்.

ஏதாவது அவசரம் என்றால் அந்தத் தீவில் ஆஸ்பத்திரி உண்டா? ரிசார்ட்டுக்கே போய்விடலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.

தீவு வாத்தியார் | செவ்வாய் பகல் 12.40

மாஃபுஷியில் சுகாதார நிலையம் இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் மாலேதான். அங்கே இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை, இந்தியா கட்டிக் கொடுத்தது, 1995இல் திறந்தது. மாஃபுஷியிலிருந்து வேகப் படகில் முக்கால் மணிக்குள் மாலே வந்துவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே உங்கள் தேர்வு சரி என்பேன். கடல் விமானத்தில் போகும் தூரத்து ரிசார்ட் அழகுதான், ஆனால் கடல் விமானம் இருட்டினால் பறக்காது. சாயங்காலம் மாலேயில் இறங்கினால் அன்று இரவு அங்கேயே தங்கல். பெட்டியும் ஆளுக்கு 20 கிலோதான், ஆத்தாவின் பலகாரத்துக்கே போதாது.

எண்கள் குறித்துக்கொள்ளுங்கள்: ஆம்புலன்ஸ் 102, போலீஸ் 119, கடலோரக் காவல் 191. பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள், நோயாளியைப் படகில் கொண்டுபோகும் செலவும் அடங்குமா என்று கேளுங்கள்.

காலம் பற்றி: ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும். மே முதல் தென்மேற்குப் பருவம், படகு ஆட்டம் அதிகம். தைப்பூசத்துக்குப் பிறகு என்றால் கடல் சாதகம். ஆனால் நாள் பார்க்கும்போது ரமலானையும் பாருங்கள், 2027இல் பிப்ரவரி இரண்டாம் வாரம் வாக்கில் தொடங்கும். நோன்பு மாதத்தில் ஊர்க்காரர்கள் தீவில் பகலில் தெருவில் தின்பதும் குடிப்பதும் கூடாது, உணவகங்களும் பெரும்பாலும் மூடியிருக்கும். சர்க்கரைக்காரரை வைத்துக்கொண்டு அது சிரமம். முன்னதாகவே வந்து போய்விடுங்கள்.

கரையில் கிடக்கும் சங்கு, பவளத்துண்டு, மணல் எதையும் பையன் பையில் போட்டுக்கொள்ளாமல் பாருங்கள். திரும்பும்போது பெட்டியில் கண்டால் எடுத்துவிடுவார்கள், அபராதமும் உண்டு.

கோட்டையூர் ஆச்சி | செவ்வாய் பகல் 3.15

சங்குக்குப் பதில் மாசிக் கருவாடு வாங்கி வா. மாலே சந்தைப் பக்கம் கட்டை கட்டையாக அடுக்கியிருப்பார்கள். நல்லதாக இருந்தால் கட்டையோடு கட்டை தட்டினால் மரம் மாதிரி சத்தம் வரும். காற்றுப் புகாமல் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டு, இல்லாவிட்டால் விமானமே மணக்கும்.

செக்காலைப் பொண்ணு | செவ்வாய் இரவு 8.50

கடைசியாக ஒன்று. மலிவான டிக்கெட் வெள்ளிக்கிழமைதான் கிடைக்கிறது, மதியம் 12 மணிக்கு மாலேயில் இறங்கும். அரசுப் படகில் போனால் காசு மிச்சம் என்று படித்தேன். அது சரிவருமா?

தீவு வாத்தியார் | செவ்வாய் இரவு 9.20

வராது. வெள்ளி இங்கே வார விடுமுறை, அரசுப் படகு ஓடாது. மற்ற நாளிலும் அது மாஃபுஷிக்கு ஒன்றரை மணி நேரம் எடுக்கும், அதுவும் விமான நிலையத்திலிருந்து கிளம்பாது. மாலேக்குப் போய்த்தான் ஏற வேண்டும். பெட்டியோடும் முழங்கால் வலியோடும் அது வேண்டாம். வேகப் படகு வெள்ளியிலும் உண்டு, ஆனால் தொழுகை நேரத்தை ஒட்டி இடைவெளி விடுவார்கள், கடைகளும் பூட்டியிருக்கும். 12 மணிக்கு இறங்கினால் வெயிலில் துறையில் காத்திருக்க வேண்டியிருக்கும். விடுதிக்காரரிடம் விமான எண்ணைக் கொடுத்து, எந்தப் படகில் 5 இடம் போட்டிருக்கிறார் என்று முன்பே கேட்டு வையுங்கள்.

செக்காலைப் பொண்ணு | செவ்வாய் இரவு 9.34

அப்படியானால் சனிக்கிழமைக்கே பார்க்கிறேன். 1,800 ரூபாய்தான் வித்தியாசம்.